ஐந்து குதிரை, நான்கு முதலாளி, ஒரே லாயம்: செலவையும் வேலையையும் எப்படிப் பிரிப்பது?

கேள்வி: மாதவரம் தாண்டி வடபெரும்பாக்கம் போகும் வழியில், வாடகை இடத்தில் நாலு பேர் சேர்ந்து லாயம் நடத்துகிறோம். இடத்து ஒப்பந்தம் என் பெயரில் இருக்கிறது. மொத்தம் ஐந்து குதிரை. என்னுடையது கிண்டியில் ஓடி ஓய்ந்த பந்தயக் குதிரை. கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடும் அண்ணன் ஒருவருக்கு மார்வாரி ஜாதிக் குதிரை இரண்டு. ஒரு தம்பியிடம் கத்தியவாரி ஜாதிக் குதிரை. இன்னொரு வீட்டில் பிள்ளைக்காக வாங்கிய மட்டக்குதிரை. வாடகை 15,000, ஆள் சம்பளம் 18,000, தீனி 32,000, கரண்ட் தண்ணீர் 5,000 என்று மாதம் 70,000 ரூபாய் ஆகிறது. குதிரைக்கு 14,000 என்று சமமாகப் போடுகிறோம். மட்டக்குதிரைக்காரர் இனிமேல் பாதிதான் தருவேன் என்கிறார். ஆளுக்கு ஞாயிறு லீவு. அன்று முழுக்க நான்தான் லத்தி அள்ளுகிறேன், வீடு பக்கத்தில் இருப்பதால். தம்பி பணம் சரியாகத் தருவார், வேலைக்கு வரமாட்டார்; குதிரைக்கு வயிற்றுப் பூச்சி மருந்தும் வேண்டாம் என்கிறார். அண்ணன் முகூர்த்த நாளில் ராத்திரி ஒரு மணிக்குத்தான் வருவார். சில நாள் வெளியில் வாடகைக்கு எடுத்த மூன்றாவது குதிரையையும் அன்றிரவு இங்கேயே கட்டிவிடுவார். பேச்செடுத்தாலே மனஸ்தாபம். எது நியாயம்?

பதில்: பணத்தைப் பற்றிப் பிறகு பேசலாம். போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த மூன்றாவது குதிரை, அதை முதலில் நிறுத்துங்கள். மற்றவற்றையெல்லாம் நாலு பேரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யலாம். இது பேரத்துக்குரியதல்ல.

ஊர்வலத்துக்கு வாடகையில் சுற்றும் குதிரை வாரத்துக்கு எத்தனை தொட்டியில் தண்ணீர் குடிக்கிறது, எத்தனை கடிவாளம் மாற்றிப் போடப்படுகிறது என்பது அதன் சொந்தக்காரருக்கே தெரியாது. கிளாண்டர்ஸ் என்னும் நோய் இப்படிப்பட்ட பொதுத் தொட்டியாலும் பொதுத் தீனிப் பாத்திரத்தாலும்தான் பரவுகிறது. மூக்கிலிருந்து கெட்டியான சளி, தோலுக்கடியில் கட்டி, உடைந்து ஆறாத புண் என்று சில குதிரைகளில் வெளியே தெரியும். சில குதிரைகள் பார்வைக்கு நன்றாகவே இருந்து பரப்பிக்கொண்டிருக்கும். மனிதருக்கும் தொற்றும். 2009ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்ச் சட்டத்தில் அறிவிக்கப்பட்ட நோய் இது. ரத்த மாதிரி ஹிசாரில் இருக்கும் தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையத்துக்குப் போய் உறுதியானால் சிகிச்சை கிடையாது, குதிரையை வலியில்லாமல் முடிப்பதுதான் வழி. மீதிக் குதிரைகளும் பரிசோதனை முடியும் வரை இடத்தை விட்டு நகர முடியாது. ஓர் இரவுக்குக் கட்டிய குதிரையால் ஐந்து கொட்டடியும் பூட்டப்படும் என்பதை அண்ணனிடம் இப்படியே சொல்லுங்கள். அவர் பிழைப்பே முதலில் நிற்கும்.

நிரந்தரமாக ஒரு குதிரை புதிதாக வருவதென்றால் மூன்று வாரம் தள்ளிக் கட்டவேண்டும். தனி வாளி, தனி பிரஷ். ஆள் எல்லாக் குதிரையையும் முடித்துவிட்டுக் கடைசியாகத்தான் அதைத் தொடவேண்டும். அவ்வளவு இடம் இல்லையென்றால் புதுக் குதிரையே வேண்டாம். அண்ணனின் சொந்தக் குதிரைகள் இரண்டும் வெளியே போய் வருபவைதான், அதைத் தடுக்க முடியாது. ஆனால் வாளியும் கடிவாளமும் வீட்டிலிருந்தே போகட்டும், மண்டபத்து வாசலில் இரவல் வாங்க வேண்டாம்.

இனி கணக்கு.

குதிரைக்கு இவ்வளவு என்று சமமாகப் போட்டால் பார்க்க நேர்மையாகத்தான் இருக்கும். அதில் மூன்று வேறு செலவுகள் கலந்து கிடக்கின்றன. கொட்டடி என்பது இடம்: மட்டக்குதிரை நின்றாலும் பந்தயக் குதிரை நின்றாலும் வாடகையும் விளக்கும் மின்விசிறியும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆள் சம்பளமும் அப்படியே. சின்னக் குதிரையின் கொட்டடியைக் கூட்ட ஐந்து நிமிடம் குறையலாம், அதற்குமேல் வித்தியாசமில்லை. தீனி மட்டும் எடையைப் பொறுத்தது. குதிரை ஒன்று நாளுக்கு அதன் உடல் எடையில் சுமார் 2 சதவீதம் உலர் தீனி தின்னும், வேலையைப் பொறுத்து 1.5 முதல் 2.5 வரை. அதனால் முதல் இரண்டையும் கொட்டடிவாரியாகவும் மூன்றாவதை எடைவாரியாகவும் பிரிப்பதுதான் சரி.

எடை பார்க்க லாரி எடைமேடைக்கு ஓட்டிப்போக வேண்டாம். தையல்காரர் டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் மார்பைச் சுற்றிச் சென்டிமீட்டரில் அளந்து, அதை அதாலேயே பெருக்குங்கள். தோள்முனையிலிருந்து பிட்டத்து முனைவரை உள்ள நீளத்தால் மறுபடி பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் கிலோவில் எடை வரும். மார்புச் சுற்று 168, நீளம் 160 என்றால் 380 கிலோ. நாலு பேரும் இருக்கும்போது அளந்து, சுண்ணாம்புச் சுவரில் எழுதிவிடுங்கள். ஆறு மாதத்துக்கொருமுறை மறுபடி அளந்தால் போதும்.

நீங்கள் எழுதிய வகைகளை வைத்து உங்கள் குதிரை 450 கிலோ, மார்வாரிகள் தலா 380, கத்தியவாரி 350, மட்டக்குதிரை 200 என்று வைத்துக்கொள்கிறேன். மொத்தம் 1,760 கிலோ. வாடகையும் கரண்ட் தண்ணீரும் சேர்ந்து 20,000. ஐந்து கொட்டடிக்குத் தலா 4,000. சம்பளம் தலா 3,600. ஆக, குதிரை தின்றாலும் தின்னாவிட்டாலும் ஒரு கொட்டடிக்கு 7,600. தீனி 32,000ஐ எடைவாரியாகப் பிரித்தால் உங்களுக்கு 8,182, மார்வாரி ஒன்றுக்கு 6,909, கத்தியவாரிக்கு 6,364, மட்டக்குதிரைக்கு 3,636. கூட்டினால் நீங்கள் தரவேண்டியது 15,782. அண்ணன் இரண்டுக்கும் சேர்த்து 29,018. தம்பி 13,964. மட்டக்குதிரைக்காரர் 11,236.

மட்டக்குதிரைக்காரரின் குறை உண்மைதான், அவர் கேட்கும் பாதி உண்மையில்லை. அவருக்கு 2,764 ரூபாய் குறையவேண்டும், 7,000 அல்ல. நீங்கள் இதுவரை 1,782 ரூபாய் குறைவாகக் கொடுத்துவந்திருக்கிறீர்கள். கடிதத்தில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை, கூட்டத்தில் முதலில் நீங்களே சொல்லிவிடுவது நல்லது. அதைச் சொன்ன பிறகு ஞாயிற்றுக்கிழமைப் பேச்சை எடுத்தால் மற்றவர்கள் காது கொடுப்பார்கள்.

சமப் பங்கில் பணத்தைவிடப் பெரிய ஆபத்து ஒன்று ஒளிந்திருக்கிறது. '14,000 கொடுக்கிறேன், என் குதிரைக்கும் அதே அளவு கொள்ளு போடு' என்று யாராவது ஆளிடம் சொல்லிவிட்டால் மட்டக்குதிரையின் கால் போய்விடும். இந்தச் சின்ன ஜாதிகள் கொஞ்சத் தீனியிலேயே கொழுத்துவிடும். தானியம் அதிகமானால் குளம்புக்குள் அழற்சி வந்து, முன்னங்காலை ஊன்ற முடியாமல் பின்னால் சாய்ந்து நிற்கும். எடைவாரிப் பிரிப்பு அந்த வாயை அடைக்கும். இன்னும் ஒரு படி போய், புல்லையும் உலர்தீவனத்தையும் மட்டும் பொதுவில் வையுங்கள். கொள்ளு, ஓட்ஸ், தவிடு, தாது உப்பு எல்லாம் அவரவர் மூட்டை, அவரவர் செலவு. ஊர்வலத்துக்கு முன்தினம் அண்ணன் தன் குதிரைகளுக்குக் கூடுதலாகப் போட்டால் அது அவர் பாடு. ஒன்றை மட்டும் ஆளுக்குப் பொது விதியாகச் சொல்லிவையுங்கள்: பெரிய குதிரைக்குக்கூட ஒரு வேளைக்கு 2 கிலோவுக்குமேல் தானியம் கூடாது.

பச்சைப் புல் வாங்கும்போது கிலோ விலையைப் பார்த்து ஏமாறாதீர்கள். நேப்பியர் புல்லில் ஐந்தில் நாலு பங்கு தண்ணீர். 10 கிலோ போட்டால் குதிரைக்குப் போவது 2 கிலோ உலர் தீனி. செலவைக் குறைக்கிறேன் என்று யாராவது முழுக்க முழுக்கக் கம்பு நேப்பியரும் செங்குன்றத்து மில் தவிடும் போடச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். நேப்பியரில் உள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைக் குதிரையின் உடலில் சேரவிடாது. தவிட்டில் பாஸ்பரஸ் மிகுதி. இரண்டும் சேர்ந்தால் எலும்பிலிருந்து சுண்ணாம்பு கரைந்து, மாதக்கணக்கில் முகத்து எலும்பு வீங்கும், காரணம் தெரியாமல் நொண்டும். மாட்டுக்கு ஒத்துக்கொள்வது குதிரைக்கு ஒத்துக்கொள்ளாது. குதிரை மசால் என்னும் தீவனப் பயிர் கொஞ்சமும் காய்ந்த புல்லும் கலந்தே ஆகவேண்டும்.

வேலைக்கு வருகிறேன். இங்கேதான் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.

ஐந்து குதிரையின் லத்தி மட்டும் நாளுக்கு 50, 60 கிலோ. நனைந்த மரத்தூளும் சேர்ந்தால் நூறைத் தாண்டும். கொட்டடிக்கு 15 முதல் 20 நிமிடம், வாளி கழுவித் தண்ணீர், புல் வெட்டிப் போடுவது, குளம்பு சுரண்டிப் பார்ப்பது எல்லாம் சேர்த்துக் காலையில் மூன்று மணி நேரம், மாலையில் ஒன்றரை. இதைச் சும்மா 'உதவி' என்று சொல்லிக்கொண்டிருந்தால் வீடு பக்கத்தில் இருப்பவர் தலையில்தான் விழும். விலை வையுங்கள். ஆளின் சம்பளம் 18,000ஐ 26 நாளுக்கு வகுத்தால் 690 சொச்சம். ஒரு ஞாயிறுக்கு 700 என்று வைத்து, காலைக்கு 450, மாலைக்கு 250 என்று பிரிக்கலாம். மாதம் நாலு ஞாயிறுக்கு 2,800. இதைத் தலைக்கு அல்ல, குதிரைக்குப் பங்கிடவேண்டும், ஏனென்றால் லத்தி போடுவது குதிரை. ஒரு குதிரைக்கு 560; அண்ணனுக்கு 1,120.

நாலு ஞாயிறும் நீங்களே செய்தால் உங்கள் பங்கு 560 போக 2,240 உங்கள் கணக்கில் வரவு. அந்த மாதம் நீங்கள் தருவது 13,542. அண்ணன் 30,138, தம்பி 14,524, மட்டக்குதிரைக்காரர் 11,796. கூட்டிப் பாருங்கள், அதே 70,000தான் வரும். தம்பி வேலைக்கு வராமல் பணம் மட்டும் தருவதில் தப்பில்லை என்பதும் இதில் தெரிந்துவிடும். இப்போது அவர் வேலைக்கும் வருவதில்லை, அதற்குப் பணமும் தருவதில்லை. தகராறு அதுதான்.

விலை வைத்ததும் ஒரு கோளாறு வரும், முன்பே எதிர்பாருங்கள். 700 ரூபாய் கொடுத்துவிட்டேன் என்று எல்லோரும் கைகழுவிவிட, வருஷம் முழுக்க ஞாயிறு உங்களுக்கே எழுதிவைத்ததாகிவிடும். ஆகவே இரண்டு கட்டு வையுங்கள். ஒருவர் மாதத்தில் இரண்டு ஞாயிறுக்குமேல் எடுக்கக் கூடாது. மிச்சத்துக்குக் கூலிக்கு வேறு ஆள் பிடிக்கவேண்டும். வரமுடியாதவர் வெள்ளிக்கிழமை மாலைக்குள் சொன்னால் சாதாரண விலை, சொல்லாமல் விட்டால் இரட்டை விலை, செய்தவர் கைக்கே போகும்.

கூலிக்கு யாரையும் பிடித்துவிட முடியாது என்பதும் உண்மை. லத்தி அள்ளுகிறவர்தான் லாயத்தில் முதலில் நோயைப் பார்க்கிறவர். ராத்திரி போட்ட லத்தி வழக்கத்தைவிடக் குறைவா, உருண்டை வறண்டிருக்கிறதா, புல் மிச்சம் இருக்கிறதா, வாளித் தண்ணீர் இறங்கவே இல்லையா: இந்த நாலையும் பார்க்கத் தெரியாதவர் கூட்டிவிட்டுப் போனால், மத்தியானம் குதிரை வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்துப் புரளும்போதுதான் தெரியும். கதவுப் பக்கம் ஒரு பலகை மாட்டி, இந்த நாலையும் குதிரைவாரியாக எழுதச் சொல்லுங்கள். வேலை செய்தவர் யார் என்பதற்கும் அதுவே சாட்சி.

அண்ணனுக்கு முகூர்த்த மாதத்தில் ஞாயிறு முறை கொடுப்பது வீண். எப்படியும் வரமாட்டார், நீங்கள் கோபப்படுவீர்கள். ஆடி, புரட்டாசி, மார்கழியில் அவருக்கு வேலை குறைவு. சவுகார்பேட்டை வடநாட்டு வாடிக்கையாளர்களும் ஏறக்குறைய ஆடி முதல் ஐப்பசி வரை, சாதுர்மாஸ்யம் என்னும் நாலு மாதம் கல்யாணம் வைப்பதில்லை. அந்த மாதங்களில் அவர் முறையைச் சேர்த்துப் போட்டுவிடுங்கள். வருஷக் கணக்கு நேராகிவிடும். ராத்திரி ஒரு மணிக்குக் கதவு திறக்க ஆள் எழுந்தால் அந்தக் கூலி பொதுவிலிருந்து போகக் கூடாது. ஓர் இரவுக்கு அரை நாள் சம்பளம், 350, அண்ணனே ஆளின் கையில் கொடுக்கட்டும். வந்ததும் தண்ணீரும் புல்லும், குதிரை ஆறி மூச்சு சீரான பிறகே தானியம். களைப்பில் தானியத்தைக் கொட்டிவிட்டுப் போனால் அதிகாலை வயிற்றுவலிக்கு டாக்டரைக் கூப்பிடுவது நீங்களாகத்தான் இருப்பீர்கள்.

ஆளுக்கு எது வேலை, எது வேலையில்லை என்பதையும் எழுதிவிடுங்கள். கொட்டடி, தீனி, தண்ணீர், திடலில் விடுவது, குளம்பு சுரண்டுவது: பொது. ஊர்வலக் குளியல், பிடரி பின்னுவது, சேணம் கட்டுவது, பிள்ளையைச் சவாரிக்குப் பிடிப்பது: சொந்தக்காரர் வேலை, ஆள் செய்தால் தனிக் காசு. ஒரு ஆளுக்கு ஐந்து குதிரை என்பதே அதிகம். அவர் நின்றுவிட்டால் உங்கள் கணக்கு எல்லாம் காற்றில் போகும். உத்தரவு போடுவது ஒருவர் மட்டும், மாதத்துக்கு ஒருவராக மாறலாம். ஆளுக்கு டெட்டனஸ் ஊசி போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள், குதிரை லத்தி கிடக்கிற மண்ணில் வேலை செய்கிறவருக்கு அது கட்டாயம்.

தம்பியின் பூச்சி மருந்து மறுப்பை அவர் விருப்பம் என்று விடாதீர்கள். அவர் குதிரையின் லத்தியில் வெளியாகும் முட்டை, திடல் புல்லில் புழுவாகி மற்ற நாலின் வயிற்றுக்குள் போகிறது. வெளியே பளபளப்பாக இருக்கும் குதிரையும் முட்டை கொட்டும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு மாதாமாதம் மருந்து போடுவதும் தப்பு, புழுவுக்கு மருந்து பழகிவிடும். முதலில் ஐந்து குதிரையின் புது லத்தியையும் தனித்தனி டப்பாவில், பெயர் எழுதி, வேப்பேரி கால்நடைக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோய் முட்டை எண்ணிக்கை பார்க்கச் சொல்லுங்கள். தேவைப்படும் குதிரைகளுக்கெல்லாம் டாக்டர் சொல்படி ஒரே நாளில் மருந்து. ஐவர்மெக்டின் என்றால் கிலோவுக்கு 0.2 மில்லிகிராம். பேஸ்ட் சிரிஞ்சில் எடைக் குறியை வைத்துக் கொடுக்கும்போது, டேப்பில் அளந்த எடை இங்கே இரண்டாவது முறை உதவும். கண்மதிப்பில் குறைத்துக் கொடுப்பதுதான் புழு பழகுவதற்கு ராஜபாட்டை. திடலில் வாரம் இரண்டுமுறை லத்தி பொறுக்கினால் மருந்தின் தேவையே குறையும். அதையும் முறைவேலையில் சேருங்கள். பரிசோதனைக் காசு பொதுவிலிருந்து, மருந்து அவரவர். குதிரைக்கு வருஷாந்திர டெட்டனஸ் ஊசியும் இப்படியே. போடாத குதிரைக்குக் கொட்டடி இல்லை என்று ஒரே வரியில் எழுதுங்கள்.

லாடம் அவரவர் செலவுதான், ஆனால் ஐந்து, ஆறு வாரத்துக்கொருமுறை எல்லாக் குதிரைக்கும் ஒரே நாளில் வரவழையுங்கள். வண்டிக் காசு மிச்சம்.

உங்கள் குதிரைக்காக ஒரு வார்த்தை. சென்னைப் புழுக்கத்தில் சில குதிரைகளுக்கு, பந்தய ஜாதிக்குக் குறிப்பாக, வியர்ப்பதே நின்றுபோகும். மேமாதம் மூச்சிரைத்தபடி தோல் உலர்ந்து நின்றால் அதற்குத் தனி மின்விசிறியும் அடிக்கடி தண்ணீரும் வேண்டியிருக்கும். அந்தக் கூடுதல் கரண்ட் உங்கள் செலவு. மற்றபடி யார் குதிரை எத்தனை வாளி குடித்தது, யார் எவ்வளவு நேரம் விளக்குப் போட்டார் என்று எண்ண ஆரம்பித்தால் லாயம் நடக்காது.

வெள்ளத்தை மறக்க வேண்டாம். புழல் ஏரி உபரிநீர் உங்கள் பக்கமாகத்தான் மணலி, சடையான்குப்பம் வழியாக எண்ணூருக்குப் போகிறது. ஷட்டர் திறக்கும் அறிவிப்பு வந்ததும் எந்த மேட்டு இடத்துக்கு, யார் வண்டியில், எந்தக் குதிரை முதலில் என்பதை ஐப்பசிக்கு முன்பே தீர்மானித்துவிடுங்கள். வண்டி வாடகை எடைவாரி அல்ல, குதிரைக்குச் சமம். இரவில் ஒரு குதிரைக்கு வயிற்றுவலி வந்து சொந்தக்காரர் போனை எடுக்காவிட்டால், எவ்வளவு ரூபாய் வரை மற்றவர்கள் செலவழித்து மருத்துவம் பார்க்கலாம் என்று ஒவ்வொருவரும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கவேண்டும். பாக்கி வைத்தவரின் குதிரைக்குத் தீனியைக் குறைக்கிற பேச்சே கூடாது. பாக்கி மனிதரோடு, பட்டினி குதிரைக்கு என்றாகிவிடும்.

கடைசியாக, ஒப்பந்தம் உங்கள் ஒருவர் பெயரில் இருப்பது. கணக்கைப் பாருங்கள்: அண்ணன் மனம் கோணி இரண்டு குதிரையையும் அவிழ்த்துக்கொண்டு போனால், வாடகை, சம்பளம், கரண்ட் என்ற 38,000 மீதி மூன்று கொட்டடி மேல் விழும், 7,600 இருந்தது 12,667 ஆகும். இடத்துக்காரர் உங்களைத்தான் கேட்பார். அதனால் விலகுபவர் 60 நாள் முன்னறிவிப்புத் தரவேண்டும், ஒவ்வொரு கொட்டடிக்கும் இரண்டு மாதத்து நிலைச்செலவு, அதாவது 15,200 ரூபாய், அட்வான்ஸாக இருக்கவேண்டும் என்று நாலு பேர் கையெழுத்தோடு எழுதிக்கொள்ளுங்கள். நாலு பேர் பெயரிலும் ஒப்பந்தத்தை மாற்ற இடத்துக்காரர் சம்மதித்தால் இன்னும் நல்லது. இதையெல்லாம் அண்ணனிடம் பேச ஆடி மாதம்தான் தோது. ஐப்பசி முகூர்த்தத்துக்கு அட்வான்ஸ் வாங்கிய பிறகு அவருக்கு உட்கார நேரமிருக்காது.